அவர் மூச்சில் வந்த வாடை

எழுபதுகளின் கடைசியில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி வந்தவர். தினமும் காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, தொடையில் தானே இன்சுலின் போட்டுக்கொள்வார். பார்க்கும்போதே எனக்குக் குலை நடுங்கும். அந்த ஊசியை ஒழித்துக்கட்டுவது என்று நான்தான் கிளம்பினேன். என்னை யார் கேட்டார்கள்?

சோறுதானே சர்க்கரை என்று எனக்கு நினைப்பு. சோற்றை அடியோடு நிறுத்தி, மூன்று வேளையும் முட்டை, கறி, மீன் என்று ஆக்கிப் போட்டேன். "சோறே இல்லாதப்ப ஊசி எதுக்குங்க?" என்றேன். என் பேச்சைத் தட்டாத மனிதர். ஊசி அலமாரிக்குள் போனது.

மறுநாளே அவர் மூச்சில் அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை. கல்யாணமான புதிதில் குடித்துக்கொண்டிருந்து, மாதா கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டவர். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல."

நான் நம்பவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், வாந்தி எடுத்தார், தள்ளாடினார். எல்லாம் சாராயத்தின் வேலை என்றே நினைத்து, மூன்று நாள் வாய் ஓயாமல் திட்டினேன். பிள்ளைகள் எதிரிலேயே திட்டினேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. அப்போதுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி, சோற்றையும் ஊசியையும் நிறுத்தியதைச் சொன்னேன்.

இன்சுலினும் டிரிப்பும் ஏற்றி, மறுநாள் அவர் கண் விழித்தபிறகுதான் டாக்டர் என்னிடம் பேசினார்.

"சோறு இல்லன்னாலும் இன்சுலின் வேணும்மா. நீங்க போட்ட கறி, முட்டையிலேர்ந்துகூட உடம்பு சர்க்கரை எடுக்கும். இன்சுலின் இல்லாம அந்தச் சர்க்கரை உடம்புக்குப் பயன்படாது. அப்ப தன் சதையையும் கொழுப்பையுமே கரைக்கும். கொழுப்பு கரையறப்ப வர்ற அமிலம்தான் அந்த வாடை. பட்டினி கிடந்தா எல்லாருக்கும் லேசா வரும். இன்சுலின் இருந்தா அது எல்லை மீறாது. இவருக்கு ரத்தமே அமிலமாயிடுச்சு."

டாக்டர் எழுதுவதற்குச் சீட்டை எடுத்தார்.

"இந்த வாடை எத்தனை நாளா வந்துச்சு?"

"நேத்திக்குத்தான் சார்" என்றேன். கூசாமல் வந்தது அந்தப் பொய்.

டாக்டர் நம்பாமல் கட்டிலைப் பார்த்தார். என் கணவர் உலர்ந்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"ஆமா சார். நேத்திக்குத்தான்" என்றார்.