சேனாதிபதியின் கட்டைவிரல்

மைக்கின் அடிமூடியைத் திருகித் திறக்கிறார். நேற்றுப் போட்ட பேட்டரிகள் இரண்டையும் உள்ளங்கையில் தட்டி எடுக்கிறார். புதியவற்றைச் செருகி மூடுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டு மறுபடியும் எரியவைத்துப் பார்க்கிறார். நாயுடுபுரத்துத் தெருவில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. "இந்த ஒன்னுல மட்டும் பெத்த தாயையும் நம்ப மாட்டேன்" என்று ஒளிப்பதிவாளர் வேல்ராஜிடம் சொல்கிறார் சேனாதிபதி. வேல்ராஜ் இதைப் பதினோர் ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்.

சேனாதிபதிக்கு அறுபத்திரண்டு வயது. அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. தேநீர்க் கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றபடியேதான் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் இருமுறை சாலைக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். "வெரசா வாங்கய்யா, மஞ்சு எறங்கிருச்சுன்னா என் மூஞ்சியும் தெரியாது, ஒங்க ஊரும் தெரியாது" என்று எல்லாரையும் விரட்டுவார். ஜீப்பின் முன்னிருக்கையில் அவருடைய முழங்கால் ஓயாமல் ஆடும். கேமராவின் முன்னால் மட்டுமே அந்த உடம்பு அடங்கும். "அன்பார்ந்த உழவர் பெருமக்களே, வணக்கம்" என்று அந்தக் குரல் எழும்போது, சற்றுமுன் ஓட்டுநரை வைதவர் இவர்தானா என்ற ஐயம் தோன்றும்.

அரசுத் தொலைக்காட்சியில் 'மலையும் மக்களும்' நிகழ்ச்சியை இருபத்தாறு ஆண்டுகள் நடத்தியவர். உரத்தையும் கறவைமாட்டையும் பற்றிப் பேசத் தொடங்கினார். பிறகு திட்டங்களைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு திட்டங்களைத் தந்தவர்களைப் பற்றியே பேசலானார். ஓய்வுபெற்ற பின், ஆண்டு ஒப்பந்தத்தில் சாதனைப் படங்கள் செய்கிறார். தேர்தல் நெருங்கினால் அவை வேன்களில் ஊர் ஊராக ஓடும். ஆட்சிகள் மாறியிருக்கின்றன, அவருடைய வெள்ளை வேட்டி மாறவில்லை. "வேட்டிக்குக் கரை இருந்தாத்தானய்யா மாத்தணும்?" என்பார்.

மேல்மலை மக்களிடம் ஒரு மரியாதை உண்டு. எதிரில் நிற்பவரை முதல் சொல்லிலேயே மறுக்கமாட்டார்கள். "ஆமாங்க" என்று தொடங்கி, அதன் பிறகே தம் குறையைச் சொல்வார்கள். சேனாதிபதியின் பிழைப்பு அந்த இடைவெளியில் நடக்கிறது. "மகிழ்ச்சிதானே?" என்று கேட்பார், "ஆமாங்க" என்பார்கள், அடுத்த சொல் பிறக்குமுன் அவருடைய கட்டைவிரல் மைக்கின் பொத்தானை அமுக்கிவிடும். முகத்தில் சிறு மாற்றமும் இராது. விளக்கு அணைந்ததை யாரேனும் கவனித்துவிட்டால், "பேட்டரி தீந்துருச்சு" என்பார். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக்கை அலுவலகம் இருமுறை அனுப்பியது. இருமுறையும் திருப்பி அனுப்பினார். "கோலு என் கையில இருக்கணும்."

இவ்வாண்டு அவருடைய ஒப்பந்தம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. பூம்பாறையைத் தாண்டிய ஒரு சிற்றூரில் அரசு கட்டிய பூண்டுக் கிடங்கைப் பற்றிய படம் அன்று மாலைக்குள் வந்தால்தான் கையெழுத்து என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு பெண் விவசாயி, கிடங்கால் பயனடைந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். வழியில் மூன்று முறை தொலைபேசி ஒலித்தது. மூன்று முறையும், "எடுத்துருவோம் சார், ஒரு ஆமாதான சார்" என்றார்.

கிடங்கு பூட்டிக் கிடந்தது. திறப்பு விழா நடந்து நான்கு மாதங்களாகியும் மின் இணைப்பு வரவில்லை. பூட்டு தெரியாத கோணத்தில் வேல்ராஜ் முக்காலியை ஊன்றினார். பக்கத்துப் படிக்கட்டு வயலில் பூண்டுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த வீரம்மாள், கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னைய ஞாபகம் இருக்குங்களா?"

"இல்லாம என்ன தாயி" என்றார் சேனாதிபதி, அவரைப் பார்க்காமலே. கேமரா ஓடத் தொடங்கியது. குரல் மாறியது. "இந்தக் கிடங்கு வந்ததில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே, அம்மா?"

வீரம்மாள் ஆமாங்க என்று சொல்லவில்லை.

"மொதல்ல சோலியச் சொல்லிர்றேங்க. ஆமாவ அப்புறமாச் சொல்றேன். ஒம்பது வருசத்துக்கு முன்னால, தண்ணித் தொட்டி வந்ததுல சந்தோசமான்னு இதே மாதிரி கேட்டீங்க…"

விரல் நகர்ந்தது. விளக்கு அணைந்தது.

"லைட்டு போயிருச்சுங்களே."

"பேட்டரி தீந்துருச்சு தாயி."

"அன்னைக்கும் அதானங்க தீந்துச்சு? நல்ல கடையாப் பாத்து வாங்குங்கய்யா."

வயலிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். வீரம்மாள் சிரிக்கவில்லை.

"பரவால்ல, நீங்களாச்சும் கேளுங்க. ஆமாங்க, ஆனாத் தொட்டியில தண்ணி வரலைன்னு சொல்ல வந்தேன். ஆமாங்க மட்டுந்தான் டிவியில வந்துச்சு. மனுவோட ஆபீசுக்குப் போனா, 'நீதானம்மா டிவியில சொன்ன'ன்னுட்டாங்க. ரெண்டு வருசம் கொடத்தோட நடந்தேன். இப்ப இந்தக் கெடங்கு. அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டது போக, மிச்சப் பூண்டு ஈரத்துல மொளைச்சுக் கெடக்கு. இதுக்கும் ஆமான்னு சொல்லிட்டா, கரண்டு கேக்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

விளக்கு அணைந்த மைக்கை வீரம்மாளின் வாயருகிலிருந்து சேனாதிபதி இறக்கவில்லை. முழங்கால் ஆடவில்லை. பின்னால் சரிவில் மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. வானத்தையும் அவர் பார்க்கவில்லை.

வேல்ராஜ்தான் பொறுக்காமல் சொன்னார்: "அக்கா, இன்னைக்கு நீங்க ஆமா சொல்லலைன்னா ஐயாவுக்கு இதோட வேலை போச்சுக்கா."

வீரம்மாள் பூட்டைப் பார்த்தார். பிறகு சேனாதிபதியின் நரைத்த தலையைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரு மனுசன் பொழப்ப நான் கெடுப்பானேன். பொத்தான அமுக்குங்க. ஆமாங்கறேன்."

கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. சட்டைப் பையில் தொலைபேசி நான்காம் முறையாக ஒலித்தது. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, "இன்னைக்கு ஆகாது சார். பேட்டரி தீந்துருச்சு" என்றார். சொல்லிக்கொண்டே மைக்கின் அடிமூடியைத் திருகினார். காலையில் போட்ட பேட்டரிகள் இரண்டையும் தட்டி எடுத்து, வீரம்மாளின் மண் படிந்த உள்ளங்கையில் வைத்தார்.