துணைவர் என்று எழுதிய கை

பொள்ளாச்சிக் கூட்டமொன்றில் பேசும்போது குரல் கட்டிக்கொண்டது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களின் உரிமைக்காகப் பத்து ஆண்டுகளாக மேடை ஏறுகிறேன். தொண்டை கட்டுவது புதிதல்ல. ஒரு மாதமாகியும் தெளியாததால் கோவையில் மருத்துவரைப் பார்த்தேன்.

குரல்வளையில் புற்றுநோய். லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை) செய்ய வேண்டும் என்றார் அந்த அம்மையார். பிறகு கழுத்தில் இடும் துளை வழியாகத்தான் மூச்சு.

நான் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன். போரில் குண்டுச் சிதறல் பட்டவன். அன்று சுந்தரம் என் கையைப் பற்றிக்கொண்டார். வால்பாறை மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினான்கு ஆண்டுகளாக என்னோடு வாழ்பவர்.

அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை அவரிடம் கொடுக்க மறுத்தார் மருத்துவமனை அலுவலர். "ரத்த சொந்தம் வேணுமுங்க."

தாராபுரத்திலிருந்து அண்ணன் வந்தார். என்னைப் பற்றி ஊரறியச் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசாதவர்.

"நானே கையெழுத்துப் போட்டுப்போடறேன், கண்ணு. அந்த ஆள மட்டும் வெளிய இருக்கச் சொல்லு. சனம் வந்து பாக்குமல்லோ?"

"அப்ப ஆபரேசன் வேண்டாங்ணா."

"சாகப்போறியாடா?"

"பட்டாளத்துல ஒளிஞ்சே பொழச்சேன். இன்னொருக்கா அப்படிப் பொழைக்க மாட்டேனுங்ணா."

சுந்தரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா? ஆரு பேரோ இருந்துட்டுப் போகுது. நீங்க உசுரோட வந்தாப் போதுமுங்க."

சத்தம் கேட்டு மருத்துவர் வந்தார். "அவர் நினைவோடதானே இருக்கார்? அவர் கையெழுத்தே போதும். கூட இருக்கறது யாருன்னு அவரே எழுதட்டும்."

சுந்தரத்தின் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் "துணைவர்" என்று எழுதினேன். இதே வாசலில் நிற்பவர்களே, படிவத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். உங்கள் உடம்புக்கு முதல் கையெழுத்து உங்களுடையது.

அண்ணன் ஊருக்குப் போய்விடவில்லை. அறுவை சிகிச்சை முடியும்வரை சுந்தரத்திலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது வாய்ஸ் புரோஸ்தசிஸ் (மூச்சை உணவுக்குழாய்க்குத் திருப்பிக் குரலாக்கும் சிறு வால்வு) வைத்திருக்கிறேன். துளையை விரலால் அடைத்தால்தான் பேச்சு. காந்திபுரம் பேரணியில் அப்படிப் பேசியபோது முன்னால் நின்ற ஒருவன் சிரித்தான். அவன் சிரித்து முடிக்கும்வரை நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

தும்மல் கழுத்து வழியாக வருகிறது. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கொருமுறை பரிசோதனை. என் வருடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்த மூன்று மாதத்துக்குள் ஆனைமலையில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு மூச்சுக்கு நான்கு சொல் வருகிறது. நான்கையும் சத்தமாகவே சொல்வேன்.