அத்தான் உட்கார்ந்த அண்டா

மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் இருந்த வீட்டுக் கொல்லையில், கல் அடுப்பின்மேல் ஒரு பெரிய செப்பு அண்டா இருக்கும். அதற்குள் நெஞ்சளவு வெந்நீரில் என் அத்தான், அதாவது அக்காளின் கணவர், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஊரில் எத்தனையோ கலியாணங்களுக்குச் சாம்பார் கொதித்த அண்டா அது. அத்தான் சமையல்காரர். நெருப்புப் பக்கத்திலும் ஈரத் தரையிலும் நின்று நின்றே காலை வாதம் முடக்கிப் போட்டுவிட்டது. "ஊருக்கெல்லாம் சாம்பார் வச்சேன், இப்ப நானே முருங்கைக்காய். உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு மாப்ள" என்பார். வேலைக்கு ஓடும் அவசரத்திலும் நின்று சிரித்துவிட்டுத்தான் போவேன்.

அந்த வெந்நீர் சுகத்துக்காக அல்ல. காலையில் அவர் முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இருக்கும். அக்காள் நொச்சி இலையும் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் போட்டு அண்டாவிலேயே தண்ணீர் காய்ச்சி, நெருப்பை முழுக்க இழுத்துவிட்டு, சூடு தாங்கும் பதத்துக்கு வந்ததும் அடியில் ஒரு பலகையைப் போடுவாள். நானும் அவளும் அவரைத் தூக்கி உள்ளே இறக்குவோம். கொஞ்ச நேரத்தில் கால் நீளும். பிறகு பகல் முழுக்க யாரையும் கூப்பிடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குத் தானே போய் வருவார். அந்த நடைக்காகத்தான் அக்காள் தினமும் விறகோடு மல்லுக்கு நின்றாள்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். "நாடே சொந்தக் கால்ல நிக்கப் போவுதாம், நம்ம காலைத்தான் காணோம்" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் அண்டாவின் அடி ஒழுகத் தொடங்கியது. சொட்டுகிற தண்ணீரில் அடுப்பு சீறிச் சீறி அணைந்தது. பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். பாத்திரக்கடை பாய் அடியைத் தட்டிப் பார்த்தார். "அப்பளமா தேஞ்சிருச்சு தம்பி. ஈயம் வச்சு ஒட்டித் தரேன், ஆனா நெருப்பு பக்கமே காட்டக் கூடாது. இல்லன்னா செம்பை எங்கிட்டப் போட்டுட்டு, பெரிய அலுமினியத் தொட்டியா எடுத்துக்குங்க. அதை அடுப்புல ஏத்தலாம்." பழசை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்வாங்க, உருக்கறதுதான்."

அங்கேதான் சிக்கல். கலியாண வீட்டில் பாத்திரம் மாறிப்போகாமலிருக்க, அண்டாவின் விளிம்பில் அத்தான் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பாய் சொன்னதைச் சொன்னேன். "உசுரோட இருக்கிற மனுசன் பேரை உருக்கக் குடுப்பாங்களாடா?" என்றாள் அக்காள். பேரை மட்டும் அராவி எடுத்துவிடச் சொல்லவா என்று கேட்டேன். "நீ முதல்ல வாயைக் கழுவு!" என்று சீறினாள். உள்ளேயிருந்து அத்தான் குரல் வந்தது: "ஏ புள்ள, பேரு உருகினா உருகட்டும். எனக்குக் கால் நீளணும், அதைப் பாரு." அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதும் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். நடுவில் நான் ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அழுதவள் பக்கம் சாய்ந்து, ஈயம் வைத்தே வாங்கி வந்தேன்.

அண்டாவை நெருப்பில் ஏற்றக் கூடாது என்றால் வேறு எதில் காய்ச்சுவது? மண்ணெண்ணெய்த் தகரத்தில் தகரம் தகரமாகக் காய்ச்சி ஊற்றினோம். கடைசித் தகரம் வருவதற்குள் முதல் தகரத்துத் தண்ணீர் ஆறிவிடும். "போதும் போதும், நீண்டுருச்சு" என்பார் அத்தான். முழங்கால் பாதிதான் நீண்டிருக்கும். அதை நாங்கள் மூவரும் பார்ப்போம், பார்த்துவிட்டு நானும் அக்காளும் அவரைத் தூக்குவோம்.

ஒரு மழைக் காலை. சமையல்காரர் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: ஈரப் பாத்திரத்தில் எதையும் ஊற்ற மாட்டார்கள், வெறும் பாத்திரத்தை நெருப்பில் காட்டி ஈரம் வற்றிய பிறகுதான் ஊற்றுவார்கள். பந்தல் பந்தலாக அத்தானோடு நின்று பழகிய கை அக்காளுடையது. சாரலில் நனைந்த அண்டாவை, பாய் சொன்னது மறந்து, தணலில் வைத்துக் காயவைத்துவிட்டாள். ஈயம் இளகியது யார் கண்ணிலும் படவில்லை. தணலை இழுத்துவிட்டு, வெந்நீரை ஊற்றி, அவரை இறக்கினோம். பாரம் ஏறியதும் ஒட்டு விட்டுப்போயிற்று.

தண்ணீர் நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கியது, இடுப்பிலிருந்து தொடைக்கு. அக்காள் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு அடியைத் துழாவினாள். நான் தூக்கப் போனேன். அவர் என் கையைத் தள்ளினார். "விடு மாப்ள. இருக்கிற சூடு வரைக்கும் இருந்துட்டு வரேன்." வெறும் செம்புக்குள், மடங்கிய கால்களோடு, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து முருங்கைக்காயும் வரவில்லை, உப்பும் வரவில்லை.

மறுநாள் அக்காளே என்னோடு கடைக்கு வந்தாள். செம்பை நசுக்கிக் கட்டுவதற்குப் பாய் சுத்தியலை எடுத்தார். "நாங்க போனப்புறம் அடிங்க பாய்" என்றாள். பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அலுமினியத் தொட்டியில் தண்ணீர் நன்றாகக் கொதித்தது. அத்தானின் கால் பழையபடி நீண்டது. அக்காள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சல். "சாயங்காலம் பேரு வெட்டுறவரைக் கூட்டிட்டு வா தம்பி" என்றாள். தொட்டிக்குள்ளிருந்து அத்தான் சொன்னார்: "இதுக்குப் பேரு வேணாம் புள்ள. மறுபடி மாத்துறப்ப நீ கஷ்டப்படுவ."

அக்காள் இன்னொரு சொம்பு வெந்நீரை அவர் முதுகில் ஊற்றினாள்.

இன்று என் வீட்டில் குழாயைத் திருப்பினால் வெந்நீர் கொட்டுகிறது. அந்த அலுமினியத் தொட்டி இன்னும் பின்பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. பேரில்லை. அதை மாற்ற வேண்டிய நாள் வரவேயில்லை. அடி தேயும் அளவுக்கு அதில் உட்கார அத்தான் இருக்கவில்லை.