பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வீடு

எங்க அக்கா பிடிச்ச முயலுக்கு மூணே கால். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவ. "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க"ன்னு ஊரையே அதட்டிப் பழகினவ, வீட்டுல யார் பேச்சைக் கேப்பா?

அவளும் அத்தானும் பிரிஞ்ச வருஷம் அது. அத்தான் வெளியூர் பஸ் டிரைவர். நல்ல மனுஷன்தான். ஆனா ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா எலியும் பூனையும். அக்காவுக்கு ரெண்டு ஊர்ல வேலை வந்துது. பெரிய ஆஸ்பத்திரியை விட்டுட்டு, இன்னொரு ஊர்ல இருந்த சின்ன ஆஸ்பத்திரியைப் பிடிச்சா. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக அத்தான் சரின்னுட்டார். சொல்லிட்டு, வாசப்படியில உக்காந்து சின்னவளோட செருப்பு வாரை மாட்டி மாட்டிக் கழட்டிக்கிட்டிருந்தார். அன்னன்னிக்கு நடந்ததை அப்பாகிட்ட ஒப்பிக்காம சின்னவளுக்குச் சோறு இறங்காது. இனி யார்கிட்டச் சொல்லுவா?

சாமான் ஏத்தின வண்டியோட நானும் போனேன். போய்ப் பாத்தா, பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிர்ல மாடி வீடு. ஹாரன், புகை, கண்டக்டருங்க கூச்சல். ஜன்னல் கம்பியைத் தொட்டா விரல் கருப்பாகுது.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வேற வீடே கிடைக்கலியா?"ன்னு கத்தினேன்.

"கிடைச்சுது"ன்னா. அவ்வளவுதான் பதில். கோபத்துல நான் பாத்திர மூட்டையை அவிழ்க்கவே இல்ல.

சாயங்காலம் ஜன்னல்ல நின்ன பெரியவன், "அப்பா பஸ்"னான். சின்னவ தட்டைத் தூக்கிக்கிட்டே படியில இறங்கி ஓடினா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அத்தானோட பஸ் தினமும் இங்க வந்துதான் திரும்பும், கிளம்ப அரை மணி நேரமாகும். அக்கா இந்த ஊரை எடுத்ததே அதுக்குத்தான். என் வாயைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?

இப்ப அந்த பஸ் ஸ்டாண்டையே ஊருக்கு வெளிய மாத்திட்டாங்க. எனக்கு மட்டும் எங்க ஹாரன் கேட்டாலும் அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும். அத்தான் கீழ்ப் படியில உக்காந்திருக்கார். பெரியவன் அவர் தோள்ல சாஞ்சிருக்கான். சின்னவ வாய் நிறையச் சோத்தோட கதை சொல்றா. எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா அந்த சாயங்காலம்!

அக்கா மேல் படியிலேயே நின்னா. அத்தான் நிமிராமலே கேட்டார், "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவே?"

"உங்க குறட்டையிலயே பத்து வருஷம் தூங்கினவ. பஸ் எம்மாத்திரம்?"

அத்தான் சிரிச்சார். அடக்கப் பாத்து முடியாம அக்காவும் சிரிச்சா. ஒரே வீட்டுல இருந்த காலத்துல அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சு நான் பாத்ததே இல்ல.