விரதக்காரரின் கம்பளி

கேமரன் மலையில் கம்பளி துவைப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று மலையடிவாரத்தில் தாப்பா டவுனில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. அங்கே காலையில் துவைத்துப் போட்டதை மத்தியானம் மடித்து வைத்துவிடலாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், மழை மாதத்தில் ஒரு கம்பளியை நனைத்துவிட்டால் அது காய்வதற்குள் நாற ஆரம்பித்துவிடும். அதனால் இங்கே யாரும் கம்பளியை அடிக்கடி துவைப்பதில்லை. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் உதறிப் போடுவோம், அவ்வளவுதான்.

அப்படி ஒரு மழை மாதத்தில்தான் என் மகளுக்குப் பூச்சித் தொல்லை என்று தெரிந்தது.

தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கொஞ்ச நாளாகவே நாற்காலியில் ஒழுங்காக உட்காராமல் நெளிந்துகொண்டிருந்தாள். வகுப்பில் ஆடுகிறாள் என்று டீச்சர் எழுந்து நிற்கச் சொன்னாராம். சோறு வைத்தால் பாதியில் எழுந்து ஓடிவிடுவாள். ஏற்கெனவே ஈர்க்குச்சி மாதிரி இருப்பவள். போன வருடம் நெஞ்சுச் சளி முற்றி, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்துக் கிடந்து பிழைத்து வந்தவள். அவள் ஒரு வாய் சோற்றைக் குறைத்தாலே நான் தட்டோடு பின்னால் ஓடுவேன். ஒரு நாள் காலையில் கால் கழுவிவிடும்போது, வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று நெளிவதைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயைத் திறந்ததுதான் தப்பு.

"அந்தப் பெர்த்தாம் பக்கத்துத் தோட்டக் கீரைய வாங்காதன்னு எத்தன தடவ சொல்றேன்? பூரா கோழிச் சாணி போட்டு வளக்குறானுங்க. ஈயப் பாத்தியா, என்னா பெருசு! அதத் தின்னா பூச்சி வராம புண்ணியமா வரும்?" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. நான் வேலை செய்வது தொழிற்சாலையில் தேயிலைத் தூளைப் பொட்டலம் கட்டுகிற பகுதியில். அங்கேயும் ஒருத்தி என் விரல்களையே உற்றுப் பார்த்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க நான் கீரை வாங்கவில்லை.

டவுன் கிளினிக்கில் இருந்த மிஸி, அதுதான் எங்கள் ஊரில் நர்ஸுக்குப் பெயர், கீரைப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை.

"இது கீரையில வர்ற பூச்சி இல்ல அக்கா. சொறியும்போது நகத்துல முட்ட ஒட்டிக்கும். கை வாய்க்குப் போகும், துணிக்குப் போகும், கம்பளிக்குப் போகும். வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல மாத்திர சாப்பிடணும். படுக்கிற துணிய எல்லாம் சுடுதண்ணில போட்டு அலசுங்க. சுத்தமா இருங்க அக்கா, சரியாப் போயிரும்."

சுத்தமா இருங்களாம். ஐஸ் மாதிரி வரும் குழாய்த் தண்ணீரில் அவர் வந்து ஒரு நாள் எங்கள் வீட்டுத் துணியைத் துவைத்துப் பார்க்கட்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மாத்திரைகளை வாங்கி வந்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நானும் மகளும் அன்றைக்கே போட்டுக்கொண்டோம். என் கணவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விரதத்துல இருக்கேன்ல? இங்கிலீஷ் மருந்துல என்னாத்தக் கலந்திருக்கானோ, யாருக்குத் தெரியும்? எனக்கு வேணாம்."

அவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து வந்தால் அடுத்த திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அந்தத் திருவிழா நெருங்கிவிட்டது. மஞ்சள் துணி, கழுத்தில் மாலை, ஒரு வேளைச் சோறு, விடியலில் பச்சைத் தண்ணீரில் குளியல். தாப்பாவிலிருந்து ஆள் வைத்து வேப்பிலை வரவழைத்து, தினமும் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை விழுங்குவார். "இந்தக் கசப்புல எந்தப் பூச்சி உசுரோட இருக்கும் சொல்லு" என்று சிரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்த வீட்டிலேயே சுத்தமான ஆள் அவர்தானே.

அடுத்து கம்பளிகள். அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, என்னுடையதையும் மகளுடையதையும், தலையணை உறை, பாவாடை, உள்ளாடை என்று ஒன்று விடாமல் அலசினேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. வெளியே மூடுபனி விலகவே இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காய வைத்தேன். அவருடைய கம்பளியை மட்டும் தொடவில்லை. விரதக்காரரின் பாய், கம்பளி, தட்டு எல்லாம் எங்கள் பக்கம் தனிதான். சாமி படத்துக்குக் கீழே சுருட்டி வைத்திருப்பார். நானோ அன்று வீட்டுக்கு விலக்கு. தொட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

நாலு நாள் நிம்மதியாகப் போனது. பிள்ளை இரண்டு கரண்டி சோறு கூடுதலாகத் தின்றாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு காலை, மறுபடியும் அதே வெள்ளை நூல்.

என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், கை கழுவு கழுவு என்று அவள் உயிரை வாங்கினேன், அத்தனையும் வீண். மிஸியிடம் போய் என் ஆத்திரத்தை எல்லாம் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. "பாப்பா யாருகூட படுக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"என்கூடத்தான்" என்று சொல்ல வந்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

நான் விடிவதற்கு முன்பே சமைக்க எழுந்ததும் படுக்கை ஆறிப்போகும். அவள் தூக்கக் கலக்கத்தோடு நடந்து போய், கூடத்தில் படுத்திருக்கும் அப்பாவின் கம்பளிக்குள் புகுந்துகொள்வாள். தினமும் நடக்கிறது. அடுப்படியில் இருந்து பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். நயமாகச் சொன்னேன், கெஞ்சினேன், பிறகு கத்தினேன்.

"என்னாங்க, அந்தக் கம்பளியக் குடுங்க. மாத்திரயப் போடுங்க. உங்ககிட்ட இருந்துதான் திரும்பத் திரும்ப வருது."

"எனக்கா? பூச்சியா? சாமிக்கு மால போட்டிருக்கிறவன்கிட்ட பேசுற பேச்சா இது?"

"பூச்சிக்கு மால தெரியுமா?"

"திருவிழா முடியட்டும் லா. எல்லாத்தயும் துவச்சிக்கலாம். இத்தன நாள் இருந்துட்டு இப்ப கெடுத்துக்கச் சொல்றியா? யாருக்காக இருக்கேன் நான்?"

அந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சலிலும் எரிச்சல். அவளுக்காகத்தான் விரதம். அந்த விரதத்துக்காக அவளுக்குப் பூச்சி. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. மகளைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

"பாப்பா, இந்தப் பூச்சி போற வரைக்கும் அப்பாகிட்ட வராதடா. அப்பா விரதம்ல?"

அவள் தலையாட்டினாள். மறுநாள் விடியலில் அவள் கூடத்துக்குப் போகவில்லை. ஆறிப்போன படுக்கையில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். வேலையிலிருந்து லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறவள், இப்போது உள்ளே போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். அவருக்கு அது தெரியவே இல்லை. சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். தோட்டத்துச் சனம் கொஞ்சம் நின்றிருந்தது. பூசாரி தீபம் காட்டிவிட்டு விபூதித் தட்டோடு வந்தார். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம். வெளியே, செருப்பு விடுகிற இடத்தில், தூறலில் நின்றுகொண்டிருந்தாள். அவர்தான் போய்க் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"வா பாப்பா, துண்ணூறு வாங்கிக்க."

"நான் வரல ப்பா. எனக்கு உள்ள பூச்சி இருக்குல்ல. உங்களுக்கே ஆகாதுன்னா சாமிக்கு எப்பிடி ஆகும்?"

அழவில்லை அவள். கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் ஓர் அடி பின்னால் போனாள், அவர் மேல் பட்டுவிடாமல்.

அவர் கோயிலுக்குள் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்குக் கீழே இருந்த கம்பளியை எடுத்து என் முன்னால் போட்டார்.

"அந்த மாத்திர எங்க?"

கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் நாயாகக் கத்தியது ஒன்றும் ஏறாத மண்டையில், அந்தப் பிள்ளை மழையில் நின்றால்தான் ஏறுமா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எனக்கும் மகளுக்கும் மிஸி மறுபடியும் கொடுத்த மாத்திரைகளை எடுத்து வைத்தேன். அவர் கூடத்து நடுவில் உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி தன் மாத்திரையை வாயில் போட்டு மென்றார்.

"அப்பா எதுக்கு மருந்து சாப்பிடுறீங்க? விரதம் கெட்டுப் போயிரும்" என்றாள் அவள், சுவர் ஓரத்தில் இருந்தே.

"அப்பாவுக்கும் பூச்சி இருக்குடா."

அவள் அவரையே பார்த்தாள். அந்த மஞ்சள் துணியை, கழுத்து மாலையை, நெற்றிப் பட்டையை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு மட்டும் இல்லயா?"