அக்காவுக்கு வாங்கிய கெட்டில்

என் அக்கா பழவேற்காட்டில் ஒரு இறால் ஷெட்டில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து மூன்று மணி வரை ஐஸில் கிடக்கும் இறாலை அள்ளித் தலை கிள்ளிப் போட வேண்டும். நைனா செத்த வருஷம் அந்த வேலைக்குப் போனவள், கல்யாணமான பிறகும் விடவில்லை. அம்மா அதற்கு முன்பே இல்லை. அக்கா, மாமா வீட்டில்தான் நான் இருந்தேன். அவள் சம்பளத்தில்தான் தினமும் பொன்னேரிக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் படித்தேன்.

வேலை முடிந்து வரும்போது அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, யாருடைய விரல்களோ போல இருக்கும். கொதிக்கிற சோற்றைப் பிசைவாள், சூடு தெரியாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால்தான் விரல் மடங்கும். மழைக்காலத்தில் சவுக்கு விறகு நனைந்து போகும். அடுப்பு பற்றுவதற்குள் கண் எரிந்து அழுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் குப்பத்துக்குக் கரண்ட் வந்தது. அடுத்த ஐப்பசியில் நான் டைப்ரைட்டிங் பரீட்சை எழுத மெட்ராஸ் போனேன். கிளம்பும்போது அக்கா ஒரு காசு முடிச்சை என் கையில் வைத்தாள்.

“தண்ணி காய வெக்கிற கரண்ட் கெட்டில் ஒண்ணு வாங்கினு வா. எவர்சில்வர்ல. அலுமினியம் வாணாம், உப்புத் தண்ணிக்கு ஓட்டையாய்டும். நல்லதா பாத்து வாங்கு.”

பரீட்சை முடிந்து பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில் நான்கைந்து கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் இரண்டு எவர்சில்வர் கெட்டில்களை மேசைமேல் வைத்தார். ஒன்று கனமானது, மூன்று முள் பிளக், தடித்த வயர். இன்னொன்று லேசானது, இரண்டு முள். பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பு.

“இன்னா வித்தியாசம்?” என்றேன்.

“இதுல எர்த் கீதும்மா. ஒடம்புல கரண்ட் பாயாது. அது வெல கம்மி, தண்ணி நல்லாதான் காயும். ஆனா பிளக்கைப் புடுங்கிட்டுதான் கைய வெக்கணும். ஈரக் கையோட, வெறுங்காலோட தொட்டுடாதீங்க.”

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயின்டும் இரண்டு ஓட்டைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் பக்கத்துக் கடை வாசலில் ஒரு தோள்பை தொங்கிக்கொண்டிருந்ததும் உண்மை. என் கூடப் படித்த பெண்கள் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. நான் துணிப்பையில் நோட்டை வைத்துக்கொண்டு போவேன். லேசான கெட்டிலை வாங்கினேன். மிச்சத்தில் பையை வாங்கினேன்.

பையைக் கூடப் படிக்கிறவள் கொடுத்தாள் என்று அக்காவிடம் சொன்னேன். கடைக்காரர் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால், “அப்போ ஏன் இத வாங்கின?” என்று கேட்பாள்.

அக்கா கெட்டிலை முகத்துக்கு நேரே பிடித்துத் தன் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

“இதத் தொட்டா வெரல் நுனில சுருசுருங்குதுடி. உணர்ச்சி திரும்ப வருது போல.”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் ஒரு விரலால் கெட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். கை தானாகப் பின்னால் வந்தது. அவள் விரல் மரத்திருந்ததால் அவளுக்கு அது சுருசுரு. கரண்ட் பாய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே பத்து நாள் போனது.

ஒரு மழை நாளில் கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். அக்கா நனைந்தபடி வந்து, பிளக்கோடு கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை நேராகத் தூக்கினாள். அவள் உடம்பு உதறியதைப் பார்த்தேன். கெட்டில் விழுந்து கொதிக்கிற தண்ணீர் முழுதும் அவள் வலது காலில் கொட்டியது. மாமா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தோம்.

“ஈரக் கையோட கரண்ட் சாமானத் தொடுவியா? அறிவு வாணாம்?” என்று மாமா வழி நெடுக அவளைத் திட்டினார்.

“என் தப்புதான்,” என்றாள் அக்கா. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் அவள் இடத்தில் நான் ஷெட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் நாளே நகக்கண்ணெல்லாம் இறால் கொம்பு குத்திப் புண்ணாகிவிட்டது. ஒரு வாரத்தில் விரல் மரத்து ரவிக்கைக் கொக்கி போட வரவில்லை. அக்கா இதை எட்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, அவள் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்காகத் தண்ணீர் காய வைத்திருந்தாள். என் கைகளைப் பிடித்துத் தவலைக்குள் அமுக்கினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கடைக்காரர் சொன்னது, பை, அந்தச் சுருசுரு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் கையை விடவில்லை.

“மாமாகிட்ட சொல்லாத,” என்றாள். பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “அதுக்குத்தான் எனக்குப் பதிலா வேலைக்குப் போனியா? நான் பாசம்னு நெனச்சினு இருந்தேன்,” என்றாள்.

பாசமும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அதை நானே நம்பவில்லை.

கால் ஆறியதும் அவள் வேலைக்குத் திரும்பினாள். என்னிடம் பழையபடிதான் பேசினாள். மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும், ஆளை வைத்து வீட்டில் எர்த் போட்டு, மூன்று முள் கெட்டில் ஒன்று வாங்கி வந்தேன். அக்கா அதைத் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். “பயமா கீதுடி,” என்றாள். நான் கல்யாணமாகிப் போகிறவரை, எல்லா மழைக்காலத்திலும், விறகடுப்பில்தான் தண்ணீர் காய வைத்தாள்.