பச்சைப் புள்ளி வைத்த ஷாக் அப்சர்

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சூளையில் வேகவைக்கிறோம். வெளியே எடுக்கும்போது விரிசல் விட்டதெல்லாம் என்னுடையது, நல்லதெல்லாம் அடுத்தவருடையது என்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துத்தான் சூளைக்கு அனுப்புவேன்.

போன வருடம் அந்தப் புத்தி எங்கள் காரின் பக்கம் திரும்பியது. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பழைய டீசல் கார். வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இடது சக்கரத்தில் 'கடக்' என்று ஒரு அடி விழும். என் வீட்டுக்காரர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி, இடது கால் மரத்துக்கொண்டே வந்தது. தள்ளிப்போட்டால் கால் விளங்காமல் போய்விடும், சீக்கிரம் ஆபரேஷன் செய்யணும், வழியில் குலுங்காமல் கூட்டிவாருங்கள் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். கார் சரியானால்தான் பயணம். ஓட்டப்போவது நான்.

மெக்கானிக் என் வீட்டுக்காரருக்குப் பல வருடப் பழக்கம். பானட்டின் மூலையைக் கையால் அழுத்தி விட்டார். கார் நிற்காமல் மேலும் கீழும் ஆடியது.

"ஒரு தடவ எழும்பி நிக்கணுங்கக்கா. இது தொட்டில் மாதிரி ஆடுது பாருங்க. ஷாக் அப்சர் ரெண்டும் போயிடுச்சு, எண்ணெ கசிஞ்சிருக்குது. மாத்திடலாம்."

மாற்றியாகிவிட்டது என்று வண்டி வந்தது. கம்மாபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அதே கடக். வாசலில் நிறுத்தி நானே அழுத்திப் பார்த்தேன். அதே ஆட்டம்.

"புதுசு செட்டாவ கொஞ்ச நாளு ஆவும். அவசரப்படாத" என்றார் வீட்டுக்காரர், கட்டிலில் படுத்தபடி.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் சொல்கிறார், நான் என்ன பேசுவது? ஆனால் என் புத்தி கேட்கவில்லை. மெக்கானிக் பழைய ஷாக் அப்சரையே துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறான். இவர் கால் நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டு போகிறது, அவன் நம்மை ஏய்க்கிறான் என்று நினைத்தேன்.

மறுபடியும் பட்டறைக்கு அனுப்பும் முன், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டு ஷாக் அப்சரிலும் எனாமல் பெயிண்டில் பச்சைப் புள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக், "அத கழட்டிட்டு வேற புதுசு போட்டுட்டேங்கக்கா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவர் போனதும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பச்சைப் புள்ளி அங்கேயே இருந்தது.

நேரே பட்டறைக்கு ஓட்டினேன். "ஒரு மனுஷனோட காலு போவப்போவுது. அதுல போயி ஏமாத்தலாமா நீ?" என்று கத்தினேன். அவர் அலமாரியிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து என் முன்னால் வைத்தார். புது ஷாக் அப்சர்கள். பிரிக்கவே இல்லை.

"அப்பவே வாங்கிட்டேங்கக்கா. அண்ணந்தான் போன் பண்ணி, மாட்டாத, மாட்டிட்டேன்னு மட்டும் சொல்லுன்னாரு. ஏண்ணான்னு கேட்டா அழுவுறாரு. நான் என்னா பண்ணட்டும்?"

ஊரையே சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சத்தம் நின்னா கூட்டிட்டுப் போயிடுவ. என்கூட வேல பாத்தவரு ஒருத்தரு இதே ஆபரேஷனுக்குப் போயிட்டு வந்து எழுந்து நடக்கவே இல்ல. எனக்குப் பயமா இருக்குது."

"படுத்தே கெடந்தா மட்டும் நடந்துடுவீங்களா?" என்றேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுநாள் என் கண்முன்னாலேயே புதுசை மாட்ட வைத்தேன்.

பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். மந்தாரக்குப்பம் தாண்டியதும், "இடது பக்கம் சத்தம் கேக்குது, நிறுத்து" என்றார். ஒரு சத்தமும் இல்லை. இருந்தாலும் இறங்கி, அவர் பார்க்கும்படி பானட்டை அழுத்தி விட்டேன். ஒரு தடவை எழும்பி நின்றது.

கதவைத் திறந்து கால்களை வெளியே நீட்டினார். "எனக்கும் அடியில ஒரு புள்ளி வச்சு அனுப்பிடு. ஆள மாத்திக் குடுத்துடப் போறாங்க."

கிண்டலாகத்தான் சொன்னார். அந்தப் பெயிண்ட் டப்பா இன்னும் காரிலேயே கிடந்தது. அவருடைய இடது காலைத் தூக்கி, கட்டைவிரலுக்கு அடியில் புள்ளி வைத்தேன்.

"பிரஷ்ஷு பட்டது தெரியுதா?"

"இல்ல."

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, போர்வையை விலக்கி முதலில் அந்தப் புள்ளியைத்தான் தேடினேன். ஆஸ்பத்திரியில் துடைத்துத் துடைத்து மங்கியிருந்தது. நகத்தால் லேசாக ஒரு கோடு கிழித்தேன். விரல் மடங்கியது.

"கூசுதுடி" என்றார்.